மூச்சிரைக்கும் மாவீரன்

கற்பனையில் பிறந்த வீரன் ஒருவன் யாருக்குச் சொந்தம்? அவனைப் படைத்த எழுத்தாளனுக்கா, விலை கொடுத்து வாங்கிய கம்பெனிக்கா, அல்லது நெஞ்சில் வைத்துச் சீராட்டிய ரசிகனுக்கா? பேனாவை நம்பிப் பிழைக்கும் என் போன்றவர்களுக்கு இது வெறும் வேடிக்கைக் கேள்வி அல்ல.

சூப்பர்மேன் சரித்திரத்தையே பாருங்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்களான ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் அந்த ஆகாய வீரனைப் படைத்தார்கள். 1938-ம் ஆண்டில் 130 டாலர் வாங்கிக்கொண்டு உரிமை முழுவதையும் ஒரு பத்திரிகைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை குபேரன் ஆனான். பெற்றவர்களோ முதுமையில் கஷ்டப்பட்டார்கள். நாலு பேர் பேசத் தொடங்கிய பிறகே, 1975-ம் ஆண்டுக் கடைசியில், அவர்களுக்குப் பென்ஷன் கிடைத்தது.

அந்த வீரன் பின்னர் நம் நாட்டில் ஏழைகளின் நடுவே மறுபிறவி எடுத்தான். மஹாராஷ்டிர மாநிலம் நாசிக் ஜில்லாவில் உள்ள மாலேகாவ், விசைத்தறிகளின் ஊர். வாரமெல்லாம் தறிச் சத்தத்தில் காது அடைத்துக் கிடக்கும் தொழிலாளிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று அவனுக்கு சினிமாதான் கதி. அங்கே வீடியோக் கொட்டகை நடத்திவந்த நாஸிர் ஷேக், பேர்பெற்ற படங்களைத் தம் ஊர்ப் பேச்சில், கேலியும் கிண்டலுமாக மறுபடி எடுக்கத் துணிந்தார். 2000-ம் ஆண்டில் அவர் எடுத்த 'மாலேகாவ் கே ஷோலே'வுக்கு ஆன செலவு சுமார் 50,000 ரூபாய்தான் என்பார்கள்.

அடுத்து அவர் கண் வைத்தது சூப்பர்மேன் மீது. கதாநாயகன் ஷபீக் ஷேக், தறித் தொழிலாளி. ஊதினால் பறந்துவிடும் உடம்பு. ஆனால் படத்தில் பறக்கவேண்டுமே! வண்டியிலிருந்து நீட்டிய கழியில் அவரைக் கட்டிப் படம் பிடித்தார்கள். பச்சைத் துணிக்கு முன் நிறுத்தி, பிறகு கம்ப்யூட்டரில் வானத்தை ஒட்டினார்கள்.

1963-ல் வெளிவந்த நம் 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்கே போய்வந்தார். மாலேகாவ் வீரனுக்கோ சொந்த ஊரிலேயே வேண்டிய தொல்லை இருந்தது. வில்லனுக்கு அசுத்தத்தின் மீது மோகம். வீரனுக்கோ ஊர்ப் புழுதியால் ஆஸ்துமா! உலகத்தையே தூக்கக்கூடியவன் மூச்சுக்குத் திணறுகிறான்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்குப் போய் வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்தபின் சற்று மௌனமாகியும் விடுவார்கள். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை புகை கக்கிய பிரதேசம் இது. கொசஸ்தலையாற்றில் நிலக்கரிச் சாம்பல் படிந்த கதையை மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாலேகாவ் சூப்பர்மேன் இந்தப் பக்கம் வந்திருந்தால், அவனுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இரைத்திருக்கும்!

எழுத்தை விற்றுச் சாப்பிடும் நான், பிறர் சொத்தை உரிமை வாங்காமல் எடுப்பது சரி என்று சொல்ல மாட்டேன். ஆயினும் ஒன்று: அங்கியை அவர்கள் இரவல் எடுத்தார்கள், ஆஸ்துமா அவர்களுடைய சொந்தச் சரக்கு. வல்லமைக்கே வடிவமான ஒரு வீரனைத் தங்கள் புழுதியைச் சுவாசிக்க வைத்தார்களே, அந்த இடத்தில் அவன் அவர்களுக்கும் சொந்தமாகிவிட்டான். நூற்று முப்பது டாலருக்கு விற்றுவிட்ட அந்த இரண்டு இளைஞர்களும் இதைப் பார்த்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் படப்பிடிப்பின் கதையை ஃபைஸா அகமது கான் 2008-ல் ஒரு டாக்குமெண்டரியாக எடுத்தார். அது திரையரங்குகளுக்கு வந்தது 2012-ல். 2025-ல் ரீமா காக்தி இயக்கத்தில், பெரிய நடிகர்கள் நடித்த ஹிந்திப் படமாகவும் அந்தக் கதை வெளிவந்தது. ஆனால் பறந்த ஷபீக் இரண்டுக்கும் இல்லை. புற்றுநோய் அவரை 2011-லேயே கொண்டுபோய்விட்டது.