நீண்ட படமா, திரையிட்ட படமா?

ஒரு நாவலை நாம் வாங்குகிறோம். நம் நண்பரும் அதே நாவலை வாங்குகிறார். இருவர் கையிலும் இருப்பது ஒரே கதைதான், சொற்களும் ஒன்றேதான். இதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் அந்த நாவல் திரைப்படமாகி வீட்டில் பார்க்கும் ஒளித்தட்டாக வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. ஒருவர் பார்த்த படத்தில் வில்லன் கொல்லப்படுகிறான். மற்றவர் பார்த்த அதே பெயருள்ள படத்தில் அவன் தலையையே காட்டவில்லை! இருவரும் பொய் சொல்லவில்லை. திரையரங்கில் ஓடிய பதிப்பு ஒன்று. பின்னர் காட்சிகளைச் சேர்த்து நீட்டிய பதிப்பு மற்றொன்று. இவற்றுள் எது மெய்யான படம் என்பது பற்றி மேல்நாட்டு ரசிகர்கள் பல ஆண்டுகளாக வாதாடி வருகின்றனர். இவ்வாதம் எப்படித் தோன்றியது என்பதைக் காண்போம்.

சுருளின் கணக்கு

முதற்கண், படத்தை ஏன் வெட்டுகிறார்கள்? 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள் உள்ளன. நொடிக்கு 24 படங்கள் ஓடுவதால், ஒரு நிமிடத்துக்கு 90 அடிச் சுருள் தேவை. இரண்டு மணி நேரப் படம் 10,800 அடி நீளம். நான்கு மணி நேரப் படம் 21,600 அடி. அதாவது ஆறரைக் கிலோமீட்டருக்கும் மேல்! ஒவ்வொரு பிரதிக்கும் இந்தச் செலவு உண்டு.

காட்சிகளின் எண்ணிக்கை இதைவிட முக்கியமானது. காலை 10 மணி முதல் நள்ளிரவு வரை ஒரு திரையரங்கு இயங்குவதாகக் கொள்வோம். காட்சிக்குக் காட்சி அரை மணி இடைவெளி விட்டால், இரண்டு மணி நேரப் படத்தை ஐந்து முறை காட்டலாம். நான்கு மணி நேரப் படத்தை மூன்று முறைதான் காட்ட முடியும். இருக்கைகள் அதே அளவுதான். வசூலோ ஐந்தில் மூன்று பங்கு. எனவே, கத்தரிக்கோலைப் பிடித்தது கலைஞனின் கை மட்டுமன்று. கணக்கனின் கையும் அதில் உண்டு.

திரும்பி வராத காட்சிகள்

இந்தக் கணக்குக்குப் பலியான படங்களுள் பெயர்பெற்றது 'கிரீட்'. அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் நாரிசின் 'மெக்டீக்' என்ற நாவலை, இயக்குநர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம் ஏறக்குறைய வரிக்கு வரி படமாக்கினார். அவர் முதலில் தொகுத்த வடிவம் நாற்பதுக்கும் மேற்பட்ட சுருள்களைக் கொண்டது. அதைப் பல கட்டங்களாக வெட்டி, 1924 இறுதியில் பத்துச் சுருள் அளவில் தயாரிப்பு நிறுவனம் வெளியிட்டது. வெட்டப்பட்ட பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. அக்காலச் சுருள்களில் வெள்ளி உப்பு பூசியிருந்தது. பயன்படாத சுருள்களைக் கரைத்து வெள்ளியை மீட்பது அன்றைய வழக்கம். 1999இல் எஞ்சிய படத்துடன் அசையாப் புகைப்படங்களைக் கோத்து, ஏறத்தாழ நான்கு மணி நேர வடிவம் ஒன்றை உருவாக்கினர். அசையும் காட்சிகள் மட்டும் திரும்பவில்லை.

ஆக, அந்நாளில் ரசிகர்கள் வாதாட வழியே இல்லை. ஒரு பதிப்புதான் உண்டு; மற்றது வதந்தி. வாதம் தொடங்க வேண்டுமானால், இரு பதிப்புகளும் மக்கள் கைக்கு வரவேண்டும். அதற்கு வழி செய்தது அறிவியல்.

வீட்டுக்கு வந்த திரை

1975இல் பீட்டாமேக்ஸ் வீடியோ நாடாவும், 1976இல் வி.எச்.எஸ். நாடாவும் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. 1978இல் அமெரிக்காவில் லேசர் ஒளித்தட்டு வந்தது. சாப்பாட்டுத் தட்டையும்விடப் பெரியதான, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு அது. அதன் ஒரு பக்கத்தில் அதிகம் போனால் ஒரு மணி நேரப் படம் அடங்கும். பின் தட்டைத் திருப்பிப் போடவேண்டும்.

இங்கே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. வீட்டில் அடுத்த காட்சிக்கு வரிசையில் நிற்பவர் எவருமில்லை. படத்தைப் பாதியில் நிறுத்தலாம். உண்டு வந்து தொடரலாம். திரையரங்கின் கடிகாரம் வீட்டில் செல்லுபடியாகவில்லை. நீளத்தைத் தடுத்த காரணமே நீங்கிவிட்டது. அதோடு, ஒருமுறை விற்ற படத்தையே புதிய வடிவில் மறுமுறை விற்கலாம் என்பதையும் நிறுவனங்கள் கண்டுகொண்டன!

1996இல் ஜப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் டிவிடி வந்தது. 12 சென்டிமீட்டர் தட்டின் ஓர் அடுக்கில் 470 கோடி எண்மத் துணுக்குகளைப் பதியலாம். இரண்டு அடுக்கானால் 850 கோடி. தரமான படத்துக்கு நொடிக்கு 50 லட்சம் இருமச் சைகைகள் செலவாவதாகக் கொண்டால், ஓரடுக்குத் தட்டில் சுமார் 125 நிமிடமும், ஈரடுக்குத் தட்டில் சுமார் 227 நிமிடமும் அடங்கும். ஒரு துணுக்குக்கு எட்டுச் சைகைகள் என்று வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

நீளாத 'இயக்குநர் பதிப்பு'

நாவலைத் தழுவிய படங்களில் இவ்வாதத்தை ஊரறியச் செய்தது 'பிளேடு ரன்னர்'. பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய நாவலை, ரிட்லி ஸ்காட் 1982இல் படமாக்கினார். முன்னோட்டக் காட்சிகளில் மக்களுக்குக் கதை பிடிபடவில்லை என்று கருதிய தயாரிப்பாளர்கள், கதாநாயகன் ஹாரிசன் போர்டின் குரலில் விளக்கவுரை சேர்த்தனர். இணைபிரியாமல் இருவரும் ஊரைவிட்டுச் செல்லும் இனிய முடிவையும் ஒட்டினர். அம்முடிவில் வரும் வான்காட்சிகள், ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்து மிச்சமிருந்தவை!

1990இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், விளக்கவுரை பெரும்பாலும் இல்லாத பழைய பணிப்பிரதி ஒன்று தற்செயலாகத் திரையிடப்பட்டது. மீண்டும் காட்டியபோது கூட்டம் திரண்டது. இதன் விளைவாக 1992இல் 'இயக்குநர் பதிப்பு' வெளிவந்தது. விளக்கவுரை நீங்கியது, இனிய முடிவும் நீங்கியது, ஒற்றைக் கொம்புக் குதிரை ஓடும் கனவு ஒன்று சேர்ந்தது. கதாநாயகனே செயற்கை மனிதனோ என்ற ஐயத்தை அக்கனவு கிளப்பிற்று. ஆயினும் அதில் ஸ்காட் முழு நிறைவு அடையவில்லை. தம் விருப்பப்படியே அவர் முடித்த 'இறுதிப் பதிப்பு' 2007இல்தான் வந்தது. அவ்வாண்டு வெளியான தட்டுத் தொகுப்பில் ஐந்து பதிப்புகள் இருந்தன.

இதில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1982 பதிப்பும் 2007 பதிப்பும் சுமார் 117 நிமிடம்தான். நீளம் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. ஆகவே, 'இயக்குநர் பதிப்பு' வேறு, 'நீட்டித்த பதிப்பு' வேறு. ரசிகர் சண்டைகளில் பாதி, இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவதால் வருவதே.

மோதிரக் கதையும் 124 நிமிடமும்

நீட்டித்த பதிப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'தி லார்டு ஆப் தி ரிங்ஸ்'. டோல்கீன் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நாவலை, பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் மூன்று படங்களாக எடுத்தார். 2001, 2002, 2003 ஆண்டுகளில் அவை திரைக்கு வந்தன. முறையே சுமார் 178, 179, 201 நிமிடங்கள் ஓடின. டிவிடியில் வந்த நீட்டித்த பதிப்புகளோ, ரசிகர் பெயர்ப் பட்டியலை நீக்கிப் பார்த்தால், சுமார் 208, 223, 251 நிமிடங்கள். மொத்தம் 124 நிமிடம் கூடுதல்; அதாவது ஒரு முழுப் படத்தின் அளவு! ஒவ்வொரு படத்தையும் இரண்டு தட்டுகளில் பிரித்து வைத்தனர். புதிய காட்சிகளுக்கென இசையமைப்பாளர் ஹோவர்டு ஷோர் கூடுதல் இசையும் அமைத்தார்.

'நீண்டதே நூலுக்கு நெருக்கம்' என்பது ஒரு சாராரின் வாதம். இதில் உண்மை உண்டு. முதற்படத்தில் எல்ப் இனத்து அரசி கலாட்ரியல் பயணக் குழுவினருக்குப் பரிசுகள் அளிக்கும் நிகழ்ச்சி, நூலில் உள்ளபடி விரிவது நீட்டித்த பதிப்பில்தான்.

ஆனால் எதிர்ச்சான்றும் உண்டு. மந்திரவாதி சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ, மூன்றாம் படத்தின் திரையரங்குப் பதிப்பில் தோன்றவே இல்லை. ரசிகர் பலர் வருந்தினர். 2004இல் வந்த நீட்டித்த பதிப்பில் அவர் தம் கோபுரத்தின் உச்சியிலேயே கொல்லப்படுகிறார். நூலிலோ அவர் சாவது கதையின் இறுதியில், குள்ளர்களான ஹாபிட்களின் சொந்த மண்ணில்! இரண்டாம் படத்தில் பாரமிர், போரொமிர் என்னும் சகோதரரும் தந்தையும் சந்திக்கும் பழைய நினைவுக் காட்சி நூலில் இல்லவே இல்லை. அதேபோல், நூலில் ஓர் அதிகாரத்துக்கே பெயர் தந்த டாம் பாம்படிலை எந்தப் பதிப்பிலும் காணோம். ஆக, கூடுதல் நிமிடம் என்பது கூடுதல் நூல் ஆகிவிடாது.

'திரையிட்டதே தேர்ந்த படம்' என்பது மறுசாரார் கட்சி. கதையின் ஓட்டம் அதில்தான் கட்டுக்கோப்பாக உள்ளது என்பர். 2004ஆம் ஆண்டு விழாவில் மூன்றாம் படம் பெற்ற 11 ஆஸ்கார் விருதுகளும் திரையரங்குப் பதிப்புக்கே உரியவை. ஜாக்சனும் தம் நீண்ட வடிவங்களுக்கு 'இயக்குநர் பதிப்பு' என்று பெயர் சூட்டவில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

எதைக் காப்பது?

இது வெறும் பொழுதுபோக்கு வாதம் என்று தள்ளிவிடலாமா? கூடாது. 'கிரீட்' படத்தில் அழிந்தது நீண்ட பதிப்பு. நம் காலத்தில் ஆபத்து எதிர்த்திசையிலும் வருகிறது. 1977இல் உலகமே கண்டு வியந்த 'ஸ்டார் வார்ஸ்' நாவலைத் தழுவியதன்று. எனினும் நல்ல பாடம். 1997இல் அதைப் படைத்தவரே புதிய காட்சிகளைச் சேர்த்து மாற்றினார். அதன்பின் கடைகளில் கிடைத்தது மாற்றிய வடிவமே. பழைய வடிவம் 2006இல் டிவிடியின் துணைத்தட்டாக மட்டும் வந்தது. முதலில் மக்கள் எதைக் கண்டார்களோ, அதுவே கிடைத்தற்கரிய பொருளாயிற்று!

பழஞ்சுவடிகளில் பாடபேதம் உண்டு. நல்ல பதிப்பாசிரியர் தமக்குப் பிடித்த பாடத்தை மேலே அச்சிட்டு, மற்றதை அடிக்குறிப்பில் காப்பார். சுவடியைத் தீயில் இடமாட்டார். திரைப்படத்துக்கும் அந்நெறியே பொருந்தும். எந்தப் பதிப்பை விரும்புவது என்பது ரசிகரின் உரிமை. எல்லாப் பதிப்புகளையும், எந்த ஆண்டில் யார் ஏன் மாற்றினார் என்ற குறிப்போடு காத்து வைப்பது சமுதாயத்தின் கடமை. இரண்டு தட்டுகளும் அலமாரியில் இருக்கும்வரை வாதம் நடக்கும். ஒன்று மறைந்தால் வாதமும் ஓயும். அந்த அமைதி நமக்கு வேண்டாம்.