மணி, எம். எம்.

மணி, எம். எம். (பி. 1944): கேரள மாநிலம் இடுக்கி ஜில்லாவின் உடும்பஞ்சோலைத் தொகுதியிலிருந்து சட்டசபைக்குத் தேர்வுபெற்ற மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர், ஏலமலையில் உழவுக் கூலியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். கோட்டயம் ஜில்லா கிடங்கூரில் வறிய குடும்பத்தில் பிறந்து, பால்யத்திலேயே மலையேறிவந்த அவர், பள்ளிப்படிப்பைப் பூர்த்திசெய்ய இயலாமற்போனாலும், தோட்டத் தொழிலாளரையும் சிறு விவசாயிகளையும் ஒன்றுதிரட்டிய ஊழியத்தால் 'மணி ஆசான்' என்ற பெயரைப் பெற்றார். பல ஆண்டுகள் ஜில்லாக் கட்சிச் செயலாளராயிருந்தார்.

தொகுதியின் ஜீவாதாரம் ஏலம். செடியின் அடித்தூரில், மண்ணையொட்டிப் படரும் சரங்களிலிருந்து முற்றிய காய்களை மட்டும் குனிந்து பொறுக்கியெடுக்கும் பெண்களில் பலர், தேனி ஜில்லாவிலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறி வருகின்ற தமிழர். அவர்களது உழைப்பைச் சொல்லாமல் இத்தொகுதியின் அரசியலைச் சொல்வது பொருந்தாது.

1996இல் இங்கே தோல்வியுற்ற மணி, 2016இல் 1,109 வாக்குகள் வித்தியாசத்தில் வென்று, அவ்வாண்டு நவம்பர் முதல் 2021 வரை மின்சார மந்திரியாகப் பணியாற்றினார். 2021இல் அவர் பெற்ற வித்தியாசம் 38,305.