எத்தனை சென்டிமீட்டர் மணல்? பவளத் தொட்டியின் அடியில் ஒரு வரலாறு

வீட்டில் நன்னீர் மீன்தொட்டி வைத்திருப்பவரிடம் "அடியில் எதற்கு மணல்?" என்று கேட்டால், "அழகுக்குத்தான்" என்பார். கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் நாலு பேரிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்... சண்டையே வந்துவிடும்! 2 செ.மீ. போதும் என்பார் ஒருவர். 10 செ.மீ.க்குக் குறைந்தால் பயனில்லை என்பார் இன்னொருவர். மணலே வேண்டாம், வெறும் கண்ணாடி போதும் என்பார் மூன்றாமவர். நாலாமவர், மணலுக்கு அடியிலும் கொஞ்சம் இடம் விடவேண்டும் என்பார்.

இந்தச் சண்டை புரிய வேண்டுமானால் முதலில் கொஞ்சம் வேதியியல் தெரிய வேண்டும்.

மீனின் கழிவும் மிச்ச உணவும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டு வேலைக்கும் ஆக்சிஜன் தேவை. நைட்ரேட் மீனை உடனே கொல்லாது. ஆனால் சேரச் சேரப் பாசி பெருகும், பவளம் வாடும். நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும் பாக்டீரியாவும் உண்டு. ஆனால் அது ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் அந்த வேலையைச் செய்யும். மணல் படுகையின் மேற்பரப்பில் ஆக்சிஜன் இருக்கும், உள்ளே போகப்போகக் குறையும். ஆக, "எவ்வளவு ஆழம்?" என்ற கேள்வி உண்மையில் ஆக்சிஜனைப் பற்றிய கேள்விதான்.

1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டபோது இதெல்லாம் யாருக்கும் தெரியாது. செடி ஆக்சிஜன் தரும், விலங்கு அதைச் சுவாசிக்கும், இரண்டும் சமமாக இருந்தால் போதும் என்பதே அன்றைய கொள்கை.

பின்னர் சரளைக்கு அடியில் துளைத் தகடு வைத்து, சரளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும் ஃபில்டர் வந்தது. 1960, 70-களில் இதுதான் பரவலாக இருந்தது. அம்மோனியாவை இது நன்றாகவே அழித்தது. ஆனால் சரளை முழுவதும் ஆக்சிஜன் உள்ள நீர் ஓடியதால் நைட்ரேட் குவிந்தது. மீன்கள் பிழைத்தன, பவளங்கள் செத்தன.

அதே காலத்தில் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் வேறு வழியில் போனார். கடலிலிருந்து எடுத்த, உயிரிகள் ஒட்டியிருந்த பாறைகளைத் தொட்டியில் போட்டு, காற்றுக் குமிழ் மட்டும் விட்டார். பவளங்கள் வாழ்ந்தன! 1961-ல் இந்த "இயற்கை முறை"யைப் பற்றி ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். பாறையின் நுண்துளைகளுக்குள் ஆக்சிஜன் இல்லாத மூலைகள் இருப்பதே இந்த வெற்றிக்கு ஒரு காரணம் என்பது பின்னாளில் விளங்கியது. பிறகு பெர்லின் நகர வளர்ப்பாளர்கள் உயிர்ப்பாறையோடு பலமான விளக்கையும், நுரையாகக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் சேர்த்தார்கள். அவர்கள் முறையில் மணலுக்குப் பெரிய வேலை இல்லை.

மணலை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான் ஜோபேர். தொட்டியின் அடியில் துளைத் தகடு, தகட்டின் கீழே நீர் மட்டுமே நிற்கும் குறுகிய அறை, தகட்டின் மேல் பருமனான பவள மணல். பழைய ஃபில்டரைப் போலத் தோன்றும், ஆனால் இங்கே எந்தப் பம்பும் மணல் வழியாக நீரை இழுக்காது. 1989-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1991-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க விலங்கியலாளர் ரான் ஷிமெக், தகடும் அறையும் தேவையில்லை, 10 செ.மீ. அளவில் நுண்மணல் போதும் என்று வாதிட்டார். அவர் பார்வையில் பாக்டீரியா மட்டும் முக்கியமல்ல. மணலுக்குள் வாழும் புழுக்களும் சிறு ஓட்டுயிரிகளும்தான் கழிவைத் தின்று, மணல் இறுகாமல் காக்கின்றன. இதில் ஒரு சிக்கலும் உண்டு. மணலை அலசித் தின்னும் நட்சத்திர மீனை அழகுக்காக வாங்கி விட்டால், அது அந்தச் சிற்றுயிர்களையே காலி செய்துவிடும்.

2000-களில் எதிர்ப்பு கிளம்பியது. ஆழமான மணலில் பாஸ்பேட்டும் அழுக்கும் வருடக்கணக்கில் சேர்கின்றன. கறுத்துப்போன அடிமணலைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைட் வெளியேறி உயிர்களுக்கே ஆபத்தாகலாம். எனவே பலர் மணலை முழுக்க அள்ளி எறிந்துவிட்டு வெறும் கண்ணாடிக்கு மாறினார்கள்.

இந்த வாதங்களில் பெரும்பகுதி அனுபவத்தை வைத்து நடந்தது. ராப் டூனன், கிறிஸ்டோபர் வீ இருவரும் ஆழமான மணல், ஆழமில்லாத மணல், பருமணல், நுண்மணல், அடியில் அறை உள்ளது, இல்லாதது எனத் தனித்தனித் தொட்டிகள் வைத்து ஒப்பிட்டு, 2005-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடியில் அறை இருந்ததால் பெரிய ஆதாயம் எதுவும் தெரியவில்லை. ஆழமில்லாத மணலும் நைட்ரஜன் கழிவைக் கையாண்டது! நுண்மணலில் ஆக்சிஜன் மிகக் குறைந்த ஆழத்திலேயே தீர்ந்துவிடும் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

அப்படியானால் யார் சொன்னது சரி? ஒவ்வொருவரும் தத்தம் தொட்டியைப் பொறுத்தவரை சரிதான். ஷிமெக்கின் ஆழத்துக்கு உயிருள்ள மணல் வேண்டும். வெறும் கண்ணாடிக்குப் பலமான நீரோட்டமும் நல்ல ஸ்கிம்மரும் வேண்டும். மெல்லிய மணலை அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். ஒருவரிடமிருந்து சென்டிமீட்டர் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்போதுதான் தொட்டி கெடுகிறது. அதற்கான விலையை வளர்ப்பவர் தருவதில்லை... கடலிலிருந்து பிடித்து வரப்பட்ட உயிர்கள்தான் தருகின்றன. அதனால் மணலை அளக்கும் முன்பு, அந்தத் தொட்டியில் எந்த உயிர் வாழப்போகிறது என்பதை முடிவு செய்வதே நல்லது.