அவசரகால நடவடிக்கைச் செலவு மீட்பு

அவசரகால நடவடிக்கைச் செலவு மீட்பு என்பது, ஒருவர் புரிந்த குற்றத்தின் விளைவாகக் காவல்துறை, தீயணைப்புத்துறை போன்ற பொது அமைப்புகள் செலவிட்ட தொகையை அவரிடமிருந்தே திரும்பப் பெறும் சட்ட முறையாகும். இது தண்டப்பணத்தினின்றும் வேறானது. தண்டப்பணம் தண்டனையாக விதிக்கப்படுவது. மீட்புத் தொகையோ உண்மையில் ஏற்பட்ட செலவை ஈடுசெய்வது. ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை வளர்ந்த விதம் கீழே தரப்படுகிறது.

பொது விதி

தீ, விபத்து முதலியவற்றிலிருந்து மக்களைக் காப்பது வரிப்பணத்தில் நடைபெறும் பொதுப்பணி ஆதலால், அதன் செலவைச் சமூகம் முழுவதும் ஏற்க வேண்டும் என்பதே பொது விதியாகும். அரிசோனா மாநிலத்தின் பிளாக்ஸ்டாஃப் நகரில், நீர்மப் பெட்ரோலிய வாயு ஏற்றிய தொடருந்துப் பெட்டிகள் தடம் புரண்டதால் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அச்செலவைத் தொடருந்து நிறுவனத்திடம் நகராட்சி கோரியது. ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983 இல் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. எனவே, செலவைத் திரும்பப் பெறுவதற்குப் பொதுவாகத் தனிச் சட்டம் தேவைப்படுகிறது.

சட்டங்கள்

* கலிபோர்னியா: மது அல்லது போதைப்பொருளின் தாக்கத்தில் கவனக்குறைவாக வாகனம் ஓட்டி, அவசரகால நடவடிக்கைக்குக் காரணமானவர் அதன் செலவுக்குப் பொறுப்பாவார். ஒரு நிகழ்வுக்கான உச்ச வரம்பு 12,000 டாலர் ஆகும்.
* கூட்டரசு: பயங்கரவாதத் தாக்குதல் போன்றவை குறித்துப் பொய்த்தகவல் பரப்புவதை 2004 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. குற்றம் உறுதியானால், மாநில, உள்ளூர் அரசுகளின் செலவைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் ஆணையிட வேண்டும். இலாப நோக்கற்ற தீயணைப்பு, மீட்பு அமைப்புகளுக்கும் இது பொருந்தும்.

குறிப்பிடத்தக்க வழக்குகள்

2009 அக்டோபரில் கொலராடோவில், ஆறு வயதுச் சிறுவன் பலூனில் பறந்து சென்றுவிட்டதாகப் பெற்றோர் தெரிவித்தனர். பெரும் தேடுதலுக்குப் பின் அது புரளி எனத் தெரிந்தது. தந்தைக்குச் சிறைத்தண்டனையுடன், ஏறத்தாழ 36,000 டாலர் செலுத்துமாறும் ஆணையிடப்பட்டது. 2020 இல் மாநில ஆளுநர் பெற்றோருக்கு மன்னிப்பு வழங்கினார்.

2017 செப்டம்பரில் ஓரிகன் மாநிலத்தில் 15 வயதுச் சிறுவன் கொளுத்திய வெடியால் ஈகிள் கிரீக் காட்டுத்தீ மூண்டது. தீயணைப்புச் செலவு உள்ளிட்ட இழப்புகளுக்காக 3.66 கோடி டாலருக்கும் மேல் செலுத்துமாறு 2018 இல் நீதிபதி ஆணையிட்டார். தவணை முறையில் செலுத்தவும், நன்னடத்தை நிபந்தனைகளை நிறைவேற்றினால் பத்து ஆண்டுகளுக்குப் பின் நிறுத்திக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது.

ஆதரவும் எதிர்ப்பும்

குற்றம் செய்யாத வரிசெலுத்துவோர் அதன் செலவைச் சுமப்பது நியாயமன்று என்பது ஆதரவாளர் வாதம். பொய் அழைப்பு ஒன்றின் பின்னே மீட்புக்குழு செல்லும்பொழுது, உண்மையான ஆபத்தில் உள்ளவருக்கு உதவி தாமதமாகலாம் என்றும் அவர்கள் சுட்டுகின்றனர்.

செலுத்த இயலாத கடன், சிறை மீண்டவரின் மறுவாழ்வைத் தடுக்கும் என்பது எதிர்ப்பாளர் வாதம். கட்டணத்திற்கு அஞ்சி மக்கள் உதவி கோரத் தயங்கக்கூடும் என்பதும் அவர்களது கவலையாகும். உச்ச வரம்பு, தவணை முறை ஆகியவை இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தீர்வுகளாகும்.

இவற்றையும் பார்க்க

* இழப்பீடு
* தண்டப்பணம்
* காட்டுத்தீ