வெள்ளிக் கிண்ணமும் கறுப்புப் பந்தும்

ஆட்டம் எதுவாயினும், அதனைக் காண வருவோரை இருக்கையில் இருத்தி வைப்பது ஆடுவோரின் திறமை மாத்திரமன்று. முடிவு என்னாகுமோ என்ற ஐயமும் அதற்குத் துணை நிற்கின்றது. ஐயம் நீங்கிய இடத்தில், திறமை எத்துணை உயர்ந்ததாயினும், கூட்டம் மெல்ல மெல்லக் கலைந்துவிடுகின்றது. இவ்வுண்மையை விளக்குவதற்கு, ஸ்னூக்கர் ஆட்டத்தின் தொழில்முறை உலகச் சம்பியன் போட்டி நல்லதோர் உதாரணமாகும். 1927ஆம் ஆண்டில் முதற் சம்பியனைக் கண்ட அப்போட்டி, முப்பது ஆண்டுகளில் ஆதரவின்றி அணைந்தது. பின்னர் மீண்டெழுந்து கோடிக்கணக்கானோர் பார்க்கும் போட்டியாயிற்று. அணைந்ததற்கும் எழுந்ததற்கும் உரிய காரணங்களை ஆராய்வது பயனுள்ளதாகும்.

ஸ்னூக்கர் பிறந்த இடம் இங்கிலாந்தன்று, இந்தியாவே. 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரில் தங்கியிருந்த பிரித்தானியப் படையின் இளம் அதிகாரிகள், மழைக்காலத்துப் பொழுதைப் போக்க பில்லியர்ட்ஸ் மேசையிற் பலவகை ஆட்டங்களை ஆடிவந்தனர். அவர்களுள் ஒருவரான நெவில் சேம்பர்லின், பழைய ஆட்டமொன்றின் பந்துகளோடு வேறு நிறப் பந்துகளையும் சேர்த்துப் புதிய ஆட்டமொன்றை அமைத்தார். இவர் பிற்காலத்தில் பிரதமராயிருந்த அப்பெயருடையவர் அல்லர். இலகுவான அடியொன்றைத் தவறவிட்ட தோழரை அவர் 'ஸ்னூக்கர்' என்று அழைத்தார். படைப் பயிற்சிக் கல்லூரியிற் புதிதாய்ச் சேர்ந்த மாணவரைக் கேலியாகக் குறிக்கும் சொல் அது. அன்று முதல் ஆட்டத்துக்கே அது பெயராயிற்று. பின்னர் சேம்பர்லின் சென்னைப் படைத் தலைவரின் கீழ்ப் பணியாற்றியபோது, 1882ஆம் ஆண்டில் நீலகிரி மலையிலுள்ள உதகமண்டலத்துக் கழகத்தில் ஆட்டத்தின் விதிகள் எழுதித் தொங்கவிடப்பட்டன. தமிழ் வழங்கும் நிலத்தின் மலையுச்சியொன்றில் இவ்வாட்டம் சட்டம் பெற்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆட்டத்தின் முறை சுருக்கமானது. பன்னிரண்டு அடி நீளமும் ஆறு அடி அகலமும் உடைய பச்சை மேசையில் பதினைந்து சிவப்புப் பந்துகளும், மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு என ஆறு நிறப் பந்துகளும் இருக்கும். வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, சிவப்பு ஒன்றையும் நிறப்பந்து ஒன்றையும் மாறி மாறி மேசையின் ஆறு பைகளில் வீழ்த்தவேண்டும். சிவப்புக்கு ஒரு புள்ளி. மஞ்சளுக்கு இரண்டு தொடங்கி, கறுப்புக்கு ஏழுவரை புள்ளிகள் ஏறிச்செல்லும். சிவப்புகள் முடிந்தபின் நிறப்பந்துகள் வரிசைப்படி வீழ்த்தப்படும். கறுப்பு இறுதியில் வீழ்வதால், பல ஆட்டங்களின் தலைவிதியை அதுவே தீர்மானிக்கின்றது.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் போற்றியது ஸ்னூக்கரையன்று, பில்லியர்ட்ஸையே. ஆனால் பில்லியர்ட்ஸிற்கு ஒரு நோய் பற்றியது. அது திறமைக் குறைவால் வந்ததன்று. திறமை மிகுதியால் வந்தது. வல்லவர் ஒருவர் ஆடத் தொடங்கினால், எதிராளி மணிக்கணக்காக நாற்காலியில் அமர்ந்திருக்க நேர்ந்தது. 1932ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியரான வோல்ட்டர் லிண்ட்ரம் இலண்டன் மாநகரில் ஒரே முறையில் இடையறாது 4,137 புள்ளிகளை எடுத்தார். அது வியப்புக்குரிய சாதனையே. ஆயினும் அதனைத் தொடர்ந்து பார்ப்பது சலிப்புக்குரியதாயிற்று. அன்று எதிரே அமர்ந்திருந்தவர் ஜோ டேவிஸ்.

வருங்காலம் ஸ்னூக்கருக்கே உரியது என்பதை முன்பே உணர்ந்தவர் இந்த ஜோ டேவிஸ். பேர்மிங்ஹாம் நகரில் பில்லியர்ட்ஸ் மண்டபம் நடத்திய பில் காம்கின் என்பவரோடு சேர்ந்து, தொழில்முறை ஸ்னூக்கர் போட்டியொன்றை நடத்துவதற்கு அவர் ஆட்சிக் கழகத்தின் இணக்கத்தைப் பெற்றார். பத்துப் பேர் சேர்ந்தனர். ஒவ்வொருவரும் ஐந்து கினி கட்டணம் செலுத்தினர். கட்டணப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு வெள்ளிக் கிண்ணமொன்று வாங்கப்பட்டது. 1926இன் இறுதியில் முதற்போட்டி நடைபெற்றது. 1927 மே மாதத்தில், காம்கினின் மண்டபத்தில் நடந்த இறுதிப்போட்டியில் ஜோ டேவிஸ், ரொம் டெனிஸ் என்பவரை 20க்கு 11 என்ற கணக்கில் வென்றார். வெற்றி தீர்மானமான பின்னரும் எஞ்சிய ஆட்டங்களை ஆடி முடிப்பது அக்கால வழக்கமாகும். உலகின் முதல் ஸ்னூக்கர் சம்பியனுக்குக் கிடைத்த வருவாய் ஆறு பவுண் பத்துச் சிலிங்.

பரிசு சிறிது, ஆனால் வெற்றிகள் பெருகின. 1927 முதல் 1940 வரை நடைபெற்ற பதினான்கு போட்டிகளிலும் ஜோ டேவிஸே வென்றார். வேறெவருடைய பெயரும் அக்கிண்ணத்தில் ஏறவில்லை. 1931ஆம் ஆண்டில் போட்டிக்கு வந்தவர் இருவர் மாத்திரமே: ஒருவர் டேவிஸ், மற்றவர் டெனிஸ். டேவிஸ் 25க்கு 21 என வென்றார். வெல்ல முடியாதவர் எதிரே நிற்கும்போது, கட்டணம் செலுத்தித் தோல்வியை வாங்க எத்தனை பேர் முன்வருவர்? 1940இல் மாத்திரம் அவருடைய அரியணை சற்று ஆடியது. இறுதிப்போட்டியில் எதிர்த்து நின்றவர் அவருடைய சொந்தத் தம்பி பிரெட் டேவிஸ். முடிவு 37க்கு 36.

போர்க்காலத்தில் நின்றுபோன போட்டி 1946இல் மீண்டும் நடைபெற்றது. இலண்டனில் இரு வாரங்களாக 145 ஆட்டங்கள் ஆடப்பட்டன. ஜோ டேவிஸ், ஹொறஸ் லிண்ட்ரமை 78க்கு 67 என வென்று, பதினைந்தாவது முறையாகக் கிண்ணத்தைப் பெற்றார். அத்துடன், ஒருமுறையும் தோல்வி காணாமலே, உலகச் சம்பியன் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

இங்கேதான் சிக்கல் தோன்றியது. அவர் விலகியது அப்போட்டியிலிருந்து மாத்திரமே, ஆட்டத்திலிருந்தன்று. மற்றப் போட்டிகளிலும் காட்சி ஆட்டங்களிலும் அவர் தொடர்ந்து ஆடினார், வென்றார். 1947இல் வோல்ட்டர் டொனால்ட்சனும், அதன் பின்னர் பிரெட் டேவிஸும் சம்பியன்களாயினர். ஆயினும், 'ஜோ டேவிஸ் ஆடாத போட்டியின் சம்பியன் எவ்வாறு உலகச் சம்பியனாவார்?' என்ற கேள்வி பொதுமக்கள் மனத்தில் நின்றது. அவர் ஆடியபோது முடிவு முன்னரே தெரிந்திருந்தது. அவர் ஆடாதபோது முடிவுக்கு மதிப்பில்லாது போயிற்று. தாம் உண்டாக்கிய போட்டிக்கு அவரே வாழ்வும் நிழலும் ஆனார்.

இந்நிலையில் பணத்தைக் குறித்தும் அதிகாரத்தைக் குறித்தும் பூசல் எழுந்தது. 1952இல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆட்சிக் கழகத்தோடு பிணங்கி, தமக்கெனத் தனிப்போட்டியொன்றை அமைத்துக்கொண்டனர். கழகத்தின் போட்டியில் ஹொறஸ் லிண்ட்ரமும் நியூசிலாந்தினரான கிளார்க் மக்கொனகியும் மாத்திரமே ஆடினர். லிண்ட்ரம் 94க்கு 49 என வென்றார். பெயரளவில் அவர் சம்பியன். ஆனால் அப்பட்டத்தை முழு மனத்தோடு ஏற்றவர் சிலரே. பிரிந்தோரின் போட்டியும் தழைக்கவில்லை. 1957இல் நால்வர் மாத்திரமே சேர்ந்தனர். பிரெட் டேவிஸ்கூட வரவில்லை. ஜேர்சித் தீவில் ஜோன் புல்மன், ஜக்கி ரேயை 39க்கு 34 என வென்றார். அதன்பின் ஏழு ஆண்டுகள் போட்டியே நடைபெறவில்லை. எதிர்ப்பார் இன்றிச் சம்பியன் வீற்றிருந்தார், கிண்ணமும் கேட்பாரற்றிருந்தது.

1964இல் பூசல் ஓரளவு தணிந்தது. சம்பியனை ஒருவர் அறைகூவி அழைத்து ஆடும் முறையில் போட்டி மறுபடி தொடங்கியது. புல்மன் 1968வரை வந்தோர் அனைவரையும் வென்றார். உண்மையான மறுபிறப்பு நிகழ்ந்தது 1969ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு ஒரு புகையிலைக் கம்பனியின் ஆதரவோடு, பலர் கலந்து தோற்றவர் விலகும் பழைய சுற்றுமுறை மீண்டது. வென்றவர் புதியவரான ஜோன் ஸ்பென்சர். போட்டிக் கட்டணத்துக்காக அவர் வங்கியிற் கடன் பெற்று வந்தவர். இறுதிப்போட்டியில் கரி ஓவனை 37க்கு 24 என அவர் தோற்கடித்தபோது, புதிய தலைமுறை வந்துவிட்டது என்பது தெளிவாயிற்று.

அதே ஆண்டில் இன்னொரு துணையும் வாய்த்தது. பி.பி.சி. தன் இரண்டாவது தொலைக்காட்சிச் சேவையில் வண்ணத்தை மக்களுக்குக் காட்ட விரும்பியது. பச்சை மேசையும் பலநிறப் பந்துகளும் உடைய ஸ்னூக்கரைப் போல் அதற்கு ஏற்ற ஆட்டம் வேறெது? 'பொட் பிளாக்' என்ற சிறு நிகழ்ச்சி 1969இல் தொடங்கி, மண்டபத்துக்குள் அடங்கிக் கிடந்த ஆட்டத்தை வீட்டுக் கூடத்துக்குக் கொணர்ந்தது. 1977இல் உலகச் சம்பியன் போட்டி ஷெபீல்ட் நகரின் குரூசிபிள் நாடக அரங்கில் இடம்பெற்றது. ஆயிரத்துக்கும் குறைவான இருக்கைகளையே உடைய அவ்வரங்கில், நாடகம் பார்ப்போர் நடிகருக்கு எத்துணை அண்மையில் அமர்வரோ, அத்துணை அண்மையில் ஆட்டக்காரரைக் காணலாம். மறு ஆண்டு முதல் போட்டி நாள்தோறும் ஒளிபரப்பாயிற்று.

அந்த 1978ஆம் ஆண்டுப் போட்டி உருக்கமான நிகழ்ச்சியொன்றையும் கண்டது. அறுபத்துநான்கு வயதான பிரெட் டேவிஸ் அரையிறுதிவரை முன்னேறி, தென்னாபிரிக்கரான பெரி மான்ஸை எதிர்த்து ஆடினார். பார்வையாளர் நடுவே அண்ணன் ஜோ அமர்ந்திருந்தார். தாம் ஆடிய காலத்தில் முடிவைப் பற்றி ஐயமே கொண்டிராத அம்முதியவர், தம்பியின் ஒவ்வோர் அடிக்கும் பதைத்துக்கொண்டிருந்த வேளையில் உடல்நலம் குன்றினார். பிரெட் 18க்கு 16 எனத் தோற்றார். ஜோ டேவிஸ் அவ்வாண்டு ஜூலை மாதத்தில் காலமானார். வெற்றி தோல்வி நிச்சயமில்லாத ஆட்டத்தின் கொடுமையையும் இனிமையையும், அவர் பார்வையாளராக இருந்தே முழுமையாக அறிந்தார் போலும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது 1985ஆம் ஆண்டில் உலகறிய மெய்யாயிற்று. அப்போது முதலிடத்தில் நின்றவர் ஸ்டீவ் டேவிஸ். இவர் ஜோ டேவிஸின் உறவினர் அல்லர்; ஆயினும் ஆட்டத்தின் நுட்பத்திலும் நிதானத்திலும் அவரையே நினைவூட்டியவர். அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளில் மூன்று முறை சம்பியனானவர். இறுதிப்போட்டியில் அவரை எதிர்த்தவர் வட அயர்லாந்தைச் சேர்ந்த டெனிஸ் டெய்லர். குனிந்து குறிபார்ப்பதற்கென உயர்த்தி அமைக்கப்பட்ட பெரிய மூக்குக்கண்ணாடி அணிந்தவர் அவர்.

முதல் எட்டு ஆட்டங்களையும் ஸ்டீவ் டேவிஸ் வென்றார். பழைய கதைதான் என்று பலரும் எண்ணினர். ஆனால் அன்றிரவே டெய்லர் எழுந்து, முதல் நாள் முடிவில் 9க்கு 7 என நெருங்கினார். மறுநாள் டேவிஸ் 17க்கு 15 என முன்னேறி, இன்னும் ஓர் ஆட்டமே தேவை என்ற நிலையில் நின்றார். டெய்லர் இரண்டையும் வென்று 17க்கு 17 எனச் சமமாக்கினார். எஞ்சியது ஒரே ஆட்டம்.

அவ்வோர் ஆட்டம் 68 நிமிடங்கள் நீடித்தது. நள்ளிரவு கடந்தது. மேசையில் பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு என்ற நான்கு பந்துகளே எஞ்சியபோது, டேவிஸுக்கு 62 புள்ளிகள், டெய்லருக்கு 44. நான்கையும் வீழ்த்தினால் 22 புள்ளிகள். அவற்றில் ஒன்று தவறினாலும் டெய்லருக்கு வெற்றியில்லை. பழுப்பு வீழ்ந்தது, நீலம் வீழ்ந்தது, இளஞ்சிவப்பும் வீழ்ந்தது. கறுப்பு ஒன்றே நின்றது. அதனை வீழ்த்துபவர் உலகச் சம்பியன். டெய்லர் முயன்று தவறினார். இருவரும் மாறி மாறிக் காத்தும் தாக்கியும் ஆடினர். பின்னர் டேவிஸுக்கு வாய்ப்பு வந்தது. எத்தனையோ முறை அவர் வீழ்த்தியிருக்கக்கூடிய பந்து. ஆயினும் அடி சற்றே மெலிதாகப் பட்டது. பந்து பையை விலகிச் சென்றது. டெய்லர் குனிந்தார், அடித்தார், கறுப்பு வீழ்ந்தது. 66க்கு 62, போட்டி 18க்கு 17. இரண்டு நாள் நடந்த அப்போட்டியில் டெய்லர் முன்னணியில் நின்றது அந்தக் கணத்தில் மாத்திரமே. கோலைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து நின்ற அவரை, பிரித்தானியாவில் ஏறத்தாழ ஒரு கோடியே எண்பத்தைந்து இலட்சம் மக்கள் உறக்கம் துறந்து பார்த்திருந்தனர்.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஸ்டீவ் டேவிஸ் அத்தோல்வியால் ஒழிந்துவிடவில்லை. 1987, 1988, 1989 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் வென்று, ஆறு முறை சம்பியனானார். ஆனால் அவ்வெற்றிகள் அனைத்தினும் மேலாக மக்கள் நினைவில் நிற்பது அவர் தோற்ற இரவே. ஜோ டேவிஸின் பதினைந்து வெற்றிகள் போட்டியை வாழ்விக்கப் போதவில்லை. ஸ்டீவ் டேவிஸின் ஒரு தோல்வியோ ஆட்டத்தின் மீது ஒரு நாட்டின் கண்களையெல்லாம் குவித்தது.

நிச்சயமின்மை தந்த அவ்வுயிர் பின்னரும் குன்றவில்லை. 2025ஆம் ஆண்டில், பந்தய விதிமீறல் தொடர்பான இருபது மாதத் தடையை முடித்துக்கொண்டு, தொழில்முறை உரிமைகூட மீளப்பெறாத நிலையில், தகுதிச் சுற்றிலிருந்து ஆடிவந்த சீனரான சாவோ சின்தொங், இறுதிப்போட்டியில் ஐம்பது வயதான மார்க் வில்லியம்ஸை 18க்கு 12 என வென்றார். அக்கிண்ணத்தைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. உதகமண்டலத்துச் சுவரில் விதிகள் தொங்கவிடப்பட்டு 143 ஆண்டுகள் கழிந்தபின், ஆசிய மண்ணிற் பிறந்த ஆட்டத்தின் பட்டம் ஆசியர் ஒருவரின் கைக்கு வந்தது.

அவர் கையில் ஏந்தியதும் 1927இல் ஆட்டக்காரர் செலுத்திய கட்டணப் பணத்தில் வாங்கிய அதே வெள்ளிக் கிண்ணமே. ஒருவரிடமே நெடுங்காலம் தங்கியிருந்தபோது அது மங்கியது. யார் கைக்குச் செல்லுமோ என்று உலகம் ஐயுறத் தொடங்கிய பின்னரே ஒளி பெற்றது.