எடைக்கல்லும் விரல்நுனியும்: காஞ்சிபுரத்தில் நக அழகுச் சேவையின் விலையும் மதிப்பும்

கல்யாணத்தன்று மணப்பெண்ணின் கையில் மூன்று பேருடைய உழைப்பு சேர்ந்திருக்கிறது. வளையல் செய்த பத்தர், முந்தானை நெய்த நெசவாளி, மருதாணியிட்டு நகத்தைத் தீட்டிய அழகுக்கலைஞர். முதல் இருவரின் வேலைக்கு விலை பேசக் காஞ்சிபுரத்துக் குடும்பங்களுக்கு நன்றாகவே தெரியும். நகைக்குக் கிராம் விலை, செய்கூலி, சேதாரம் என்று கணக்கு உண்டு. சேலைக்குப் பட்டின் எடையும் ஜரிகையின் தரமும் உண்டு. மூன்றாமவர் சொல்லும் தொகை மட்டும் பெரும்பாலும் ஒரு முணுமுணுப்பை எழுப்புகிறது: பத்து விரலில் பாலிஷ் போட இவ்வளவா? வாடிக்கையாளரின் கஞ்சத்தனம் என்றோ, பார்லர்களின் பேராசை என்றோ இதைத் தள்ளிவிடுவது எளிது. பட்டிலும் பொன்னிலும் பழகிய ஒரு மதிப்பீட்டு முறை, நிறுக்க முடியாத உழைப்பைக் காணத் தவறுவதே இதன் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தத் தவறு நகச் சேவையோடு நிற்பதில்லை, நெசவுக் கூலியையும் அது தொட்டிருக்கிறது.

காஞ்சிபுரம் பட்டின் பெருமை எப்படி வரையறுக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். புவிசார் குறியீட்டுப் பதிவில் இடம்பெற்ற ஜரிகைத் தரம் வெள்ளி 57 விழுக்காடு, தங்கம் 0.6 விழுக்காடு என்று துல்லியமாகப் பேசுகிறது. ஜரிகையை வாங்குவதும் விற்பதும் 242 கிராம் கொண்ட ‘மார்க்’ கணக்கில். சேலையிலுள்ள உலோகத்தைச் சோதித்துச் சொல்லக் கருவி இருக்கிறது. பட்டு அசல்தான் என்று சொல்லச் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. ஆனால் உடலையும் கரையையும் வேறுவேறு வண்ணத்தில் பிணைக்கும் கோர்வையில், மூன்று நாடாக்களை ஓட்ட நெசவாளியும் மறுபக்கத்தில் ஓர் உதவியாளும் எத்தனை நாள் தறியில் இருந்தார்கள் என்பதைச் சொல்லும் முத்திரை எதுவும் சேலையில் இல்லை. இந்தக் கணக்கின் உண்மை முகம் சேலை பழசான பிறகுதான் தெரியும். பழைய பட்டுச்சேலை வாங்குபவர் அதிலுள்ள வெள்ளிக்குத்தான் விலை சொல்கிறார். கோர்வைக்கும் முந்தானை நெசவுக்கும் அங்கே விலை பூஜ்யம். குடும்பங்களும் அதை இயல்பாகவே ஏற்கின்றன. உருக்கினால் மிஞ்சுவது எதுவோ அதுதான் மதிப்பு என்னும் பாடத்தை இந்த ஊர் தலைமுறைகளாகப் படித்திருக்கிறது. ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்று நகைக்கடை விளம்பரங்கள் தமிழ்நாடு முழுவதும் கூவியதும் அதே பாடத்தின் இன்னொரு அத்தியாயம்தான்: உழைப்புக்குக் காசு கொடுக்காமலிருப்பது வாங்குபவரின் வெற்றி.

இந்த அளவுகோலோடு ஒருவர் பியூட்டி பார்லர் நாற்காலியில் அமர்ந்தால் கண்ணில் படுவது ஒரு சிறு பாட்டில். லாக்மே 1952இல் தொடங்கப்பட்ட பின் நகப்பூச்சு மெல்ல மெல்ல நடுத்தர வீடுகளின் அலமாரிக்கு வந்துவிட்டது. அதன் விலை எல்லோருக்கும் தெரியும். ஒரு பாட்டிலில் பல கைகளுக்குப் பூசலாம் என்பதும் தெரியும். எனவே பார்லரின் விலையை மனம் பாட்டிலின் விலையோடு ஒப்பிடுகிறது. அதற்கும் பின்னால் இன்னொரு ஒப்பீடு நிற்கிறது. அது மருதாணி. ஆடி மாதத்தில் வீட்டு அம்மியில் அரைத்து, விரல்நுனியில் தொப்பிபோல் அப்பி, விடியும்வரை வைத்திருந்தது எல்லாம் செலவில்லாமல் நடந்தது. இலையிலுள்ள சாயம் நகத்தின் கெரட்டினோடு பிணைவதால், நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை அந்தச் சிவப்பு போகாது. செலவில்லாமல் கிடைத்து மாதக்கணக்கில் நிற்பதோடு ஒப்பிட்டால், காசு கொடுத்து வாங்கிச் சில வாரங்களில் உரிந்துபோகும் எதுவும் வீண்செலவாகத்தான் தெரியும். மருதாணிக்குக் காசு ஆகவில்லை என்பது சரி. ஆனால் அரைத்தது, இட்டது, விடிந்ததும் கழுவிவிட்டது எல்லாம் பாட்டியின், அம்மாவின் உழைப்பு. எந்தக் குடும்பக் கணக்கிலும் அது எழுதப்பட்டதில்லை. கானமன், நெட்ச், தாலர் மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் ஒரு விலையின் நியாயத்தைச் செலவைக் கொண்டு மட்டுமல்லாமல், தமக்குப் பழகிய ஒரு முன்விலையைக் கொண்டும் அளக்கிறார்கள் என்று காட்டியது. காஞ்சிபுரத்தில் அந்த முன்விலை, பெண்களின் ஊதியமற்ற வேலையால் உருவான பூஜ்யம்.

சாதியையும் இங்கே விலக்கிவைக்க முடியாது. நகம் வெட்டுவது தமிழ்க் கிராம அமைப்பில் நாவிதர் குலத்தின் பொறுப்பாக இருந்தது. அதற்கு ஈடு அறுவடைக் காலத்தில் அளக்கப்பட்ட தானியம். ஒவ்வொரு முறைக்கும் தனி விலை கிடையாது, பேரம் பேசும் உரிமையும் கிடையாது. பிறர் காலைத் தொட்டுச் செய்யும் வேலை தாழ்ந்தது என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டோடு ஒட்டியே வந்தது. நியூயார்க்கின் கொரிய நகநிலையங்களை ஆராய்ந்த மிலியன் காங் 2010இல் வெளியான நூலில், பிறர் உடலோடு செய்யும் இத்தகைய உழைப்பில் இனமும் வர்க்கமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று விரிவாக எழுதினார். நம்மூரில் அந்தப் பின்னலுக்குச் சாதி என்று பெயர். குளிரூட்டிய அறை, சீருடை, ஆங்கிலப் பெயர்ப்பலகை ஆகியவற்றுக்காக வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதி இந்தப் பழைய இழிவைத் துடைப்பதற்கான விலை என்றே நான் கருதுகிறேன். அதே பெடிக்யூரை வீட்டுக்கு வந்து செய்பவருக்கு அந்தத் தொகை கிடைப்பதில்லை.

என் வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு வருமானத்தைச் சுட்டும். காஞ்சிபுரம் சென்னை அல்ல. கையில் காசு குறைவு, அதனால் விலையும் குறைவு, இதில் மதிப்பீட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பார்கள். வருமானம் பொருட்டே அல்ல என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனியாக நகச் சேவைக்குத் தயங்கும் அதே குடும்பம், ‘பிரைடல் பேக்கேஜ்’ என்று மொத்தமாகச் சொன்னால் அதற்குள் அடங்கிய நக அலங்காரத்தைக் கேள்வியின்றி ஏற்கிறது. பணப்பை மாறவில்லை, கணக்கு எழுதும் பக்கம் மாறுகிறது: அன்றாடச் செலவிலிருந்து கல்யாணச் செலவுக்கு. இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. சேலை பேத்தி வரை வரும், ஜெல் பாலிஷ் மூன்று வாரம் தாங்கினால் அதிகம்; விரல்நகம் மாதத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வளர்வதால், பூச்சு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அடியில் இடைவெளி தெரிந்துவிடும். நீடிக்காததற்குக் குறைத்துக் கொடுப்பது அறிவுதானே? இந்த ஊரே அதற்குப் பதில். வரதராஜப் பெருமாளின் வைகாசிக் கருடசேவைக்குக் கட்டப்படும் மாலை மறுநாள் வாடிவிடும். அதே கோயிலில் 2019இல் 48 நாட்கள் காட்சிதந்த அத்திவரதருக்கு நாளொரு வண்ணப் பட்டு சாத்தினார்கள். ஓர் அலங்காரத்தின் ஆயுள் ஒரே நாள். நாதஸ்வரத்துக்கும் பந்திச் சமையலுக்கும் மறுநாள் மிச்சம் எதுவுமில்லை. இவற்றுக்குக் கொடுக்கும்போது ஆயுளை யாரும் கணக்கிடுவதில்லை. ஆயுள் என்பது நாம் ஏற்கெனவே குறைத்து மதித்தவற்றுக்கு எதிராக மட்டும் எடுத்து நீட்டும் அளவுகோல்.

மூன்றாவது மறுப்புதான் என் வாதத்துக்கு மிகவும் நெருக்கடியானது. மதிப்பும் விலையும் உயர்ந்தால் வேலை செய்பவருக்கு அது போய்ச் சேருமா? காஞ்சிபுரமே இதற்கு எதிர்ச்சாட்சி. உலகறிந்த பெயர், உயர்ந்த விலை, ஆனாலும் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் அடுத்த தலைமுறை தறியில் உட்கார விரும்பவில்லை. அமெரிக்காவின் கதை எதிர்ப்பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வருகிறது. 1975இல் கலிபோர்னியாவின் அகதி முகாமொன்றில் நடிகை டிப்பி ஹெட்ரன் இருபது வியட்நாமியப் பெண்களுக்கு நகக்கலைப் பயிற்சி கிடைக்க வழிசெய்தார். அங்கிருந்து பெருகிய தொழில், பணக்காரர்களின் ஆடம்பரமாக இருந்த மெனிக்யூரை எல்லோருக்கும் எட்டும் மலிவாக்கியது. 2015இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் அந்த மலிவின் மறுபக்கத்தை எழுதியது: வேலை கிடைக்க முதலாளிக்கே பணம் கட்டி, தொடக்கத்தில் ஊதியமின்றி உழைத்த பெண்கள். அச்செய்தியின் சில முடிவுகளை மறுத்தவர்களும் உண்டு என்றாலும், மாநில அரசு உடனே நடவடிக்கையில் இறங்கியது. ஆக, விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலி தானாக நிமிர்வதில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதனால் என் வாதம் விழவில்லை, திருத்தம் பெறுகிறது. சேலை விலையின் உயர்வு ஜரிகைக்குள்ளும் கடையின் பெயருக்குள்ளும் அடங்கிவிட்டது. கூலி தனி வரியாகப் பில்லில் தெரிந்ததே இல்லை. தெரியாத ஒன்றுக்காக வாடிக்கையாளர் எப்படிப் பரிந்து பேசுவார்?

செய்யும் வேலை கண்ணில் பட்டால் அதன் மதிப்பு கூடுவதாக ப்யூல், நார்டன் இருவரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. சில பட்டுக்கடைகள் வாசலில் தறி போட்டு நெய்துகாட்டுவது இந்த உண்மையைப் புத்தகம் படிக்காமலே அறிந்ததால்தான். நகச் சேவையில் வேலை முழுக்க முழுக்க வாடிக்கையாளரின் கண்முன் நடக்கிறது. இருந்தும் மதிக்கப்படாததற்குக் காரணம், அதில் எது திறமை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நகக்கண்ணைக் காயப்படுத்தாமல் தோலை ஒதுக்குவது, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது, ஜெல்லைச் சுரண்டாமல் ஊறவைத்து எடுப்பது ஆகியவை விலைப்பட்டியலில் இல்லை. நிறங்களின் பெயர் மட்டும் இருக்கிறது. கைதேர்ந்தவர் விரைவாக முடித்தால் ‘அரை மணிக்குள் இவ்வளவா’ என்ற குறை வேறு.

வரிச் சட்டத்தின் அண்மை மாற்றம் இந்தத் தொழிலின் இயல்பைத் தற்செயலாக வெளிச்சமிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அழகுச் சேவைகளுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. பதிலுக்கு, வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகை பறிபோனது. பொருள் அதிகம் புழங்கும் தொழிலுக்கு இந்தப் பேரம் நஷ்டமாகவும் முடியலாம். செலவில் பெரும்பங்கு ஆள்கூலியாக உள்ள நகச் சேவைக்கு, கடை வாடகை மிகப் பெரிதாக இல்லாதவரை, இது லாபம். கூலிக்கு உள்ளீட்டு வரி என்று ஒன்று கிடையாதே! ஆண்டு வரவு இருபது லட்சத்தைத் தாண்டாத சிறு பார்லர்களுக்குப் பதிவே கட்டாயமில்லை என்பதால் இந்த மாற்றம் அவற்றைப் பெரிதாகத் தொடவில்லை. பதிவுள்ள நிலையங்களின் பில்லில் இப்போது ஓர் இடம் காலியாகியிருக்கிறது. அந்த 13 விழுக்காட்டு இடைவெளியைத் தள்ளுபடியாகக் காட்டுவதா, வேலை நேரமும் கலைஞரின் பங்கும் தனியே தெரியும்படி பில்லைத் திருத்தி எழுதுவதா என்பதை அவை தீர்மானிக்க வேண்டும். இரண்டாவதைச் செய்யும் நிலையம், கூட்டுறவுச் சங்கங்கள் நெசவுக் கூலியைத் தம் பதிவேட்டில் எழுதியும் சேலையின் விலைச்சீட்டில் ஏன் காட்டுவதில்லை என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்பும்.