அமெரிக்க வரலாற்று வகுப்பும் அதன் நெறிகளும்

ஒரு நாடு தன் வரலாற்றைத் தன் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்கின்றது என்பதைக் கொண்டு, அந்நாடு தன்னைப் பற்றி யாது எண்ணுகின்றது என்பதை அறியலாம். வகுப்பறைக்கென வகுக்கப்படும் விதிகள் மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்குச் சிறியனவாகவே தோன்றும். எத்தனை பக்கம் படித்து வருதல் வேண்டும், எதனை மனனஞ் செய்தல் வேண்டும், எவ்வகை விடைக்குப் புள்ளி வழங்கப்படும் என்பன அவை. ஆயினும் அவ்விதிகளின் பின்னே பெரியதொரு வினா மறைந்து நிற்கின்றது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் அறிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே அவ்வினா. ஐக்கிய அமெரிக்க நாட்டின் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இவ்வினாவுக்கு வெவ்வேறு விடைகளைத் தந்து வந்துள்ளது.

அமெரிக்கக் கல்வியின் அமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும். அந்நாட்டின் அரசியலமைப்பிலே கல்வியைப் பற்றிய சொல் ஒன்றேனும் இல்லை. 1791ஆம் ஆண்டில் நிறைவேறிய பத்தாவது திருத்தத்தின்படி, மத்திய அரசுக்கு ஒப்புவிக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன. ஆகவே நாடு முழுவதற்கும் பொதுவான கட்டாயப் பாடத்திட்டம் அங்கு இல்லை. மாநிலச் சட்டசபையும், ஊர்தோறும் உள்ள பாடசாலைச் சபையுமே வகுப்பறையின் நெறிகளை வகுக்கின்றன. இதனால் வரலாற்றுப் பாடம் பற்றிய பூசல்களும் தலைநகரில் அன்றிப் பெரும்பாலும் ஊர்களிலேயே எழுந்தன. எட்டாம் வகுப்பு தனிச் சிறப்புப் பெற்றமைக்கும் காரணம் உண்டு. 1900ஆம் ஆண்டளவில் பெரும்பாலான பிள்ளைகள் உயர்தரப் பாடசாலையின் வாயிலை மிதித்தவரல்லர். எட்டாம் வகுப்பே அவர்தம் கல்வியின் இறுதிப் படி. தம் நாட்டின் கதையை அங்குக் கல்லாதவர் பின்னர் எங்குங் கற்றிலர்.

தொடக்க காலத்தில் இவ்வகுப்பின் நெறி மிக எளியது. மாசச்சூசெற்ஸ், வேர்மொன்ற் ஆகிய மாநிலங்கள் 1827ஆம் ஆண்டிலேயே நாட்டு வரலாற்றைக் கற்பிக்குமாறு சட்டம் இயற்றின. சாள்ஸ் குட்றிச் 1822இலும் எம்மா வில்லாட் 1828இலும் வெளியிட்ட வரலாற்று நூல்கள் பாடசாலைகளிற் பரவின. வில்லாட் அம்மையார் காலத்தையும் இடத்தையும் ஒருங்கே காட்டும் பொருட்டுத் தம் நூலுக்குத் துணையாகப் படங்களை வரைந்தளித்தார். எனினும் வகுப்பறையில் நடைபெற்றது ஒப்புவித்தலே. பல நூல்களில் பக்கத்தின் அடியில் வினாக்கள் அச்சிடப்பட்டிருந்தன. விடை அதே பக்கத்தின் மேற்பகுதியிற் கிடந்தது. மாணாக்கன் எழுந்து நின்று நூலின் சொல்லைச் சொல்லுவான். ஆசிரியர் நூலைப் பார்த்துச் சரியெனவோ பிழையெனவோ கூறுவார். இதனை இகழ்ந்து ஒதுக்குதல் எளிது. ஆயின் அக்காலத்துக் கிராமப் பாடசாலை ஓரறையினதாய், பல வயதுப் பிள்ளைகள் ஒருங்கிருந்து பயிலும் இடமாய் இருந்தது. ஆசிரியரோ பலவிடத்தும் பயிற்சி பெறாத இளைஞர். அந்நிலையில் நூலே ஆசிரியராயிற்று, மனனமே நெறியாயிற்று.

இந்நெறியை மாற்ற முயன்றோருள் மேரி செல்டன் பாண்ஸ் அம்மையார் முன்வைத்து எண்ணத்தக்கவர். இவருடைய தந்தையார் எட்வேட் செல்டன், பெஸ்ரலோசியின் கல்விக் கொள்கையைத் தழுவி நியூயோர்க் மாநிலத்து ஒஸ்வீகோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நிறுவியவர். பொருளைக் கண்ணாற் கண்டு கற்றல் வேண்டும் என்பது அக்கொள்கை. விஞ்ஞானத்துக்குப் பொருந்திய அம்முறை வரலாற்றுக்கும் பொருந்தும் என மகளார் துணிந்தார். 1885இல் பொது வரலாறு பற்றியும், 1891இல் கணவர் ஏள் பாண்ஸுடன் இணைந்து அமெரிக்க வரலாறு பற்றியும் அவர் வெளியிட்ட நூல்களில், கடிதங்களும் சட்டங்களும் நேரிற் கண்டார் உரைகளும் தொகுக்கப்பட்டன. அவற்றின் கீழ் வினாக்கள் இருந்தன. விடைகளோ பக்கத்தில் இல்லை. மாணாக்கன் சான்றுகளை ஒப்புநோக்கித் தானே விடை காணல் வேண்டும். சிறுவரிடம் இத்துணை எதிர்பார்க்கலாமோ என ஐயுற்ற ஆசிரியர் பலர். எதிர்பாராவிடின் அவர் என்றுங் கற்கமாட்டார் என்பதே இம்முறையின் உட்கிடை.

அடுத்து வந்தன கல்விக் குழுக்கள். தேசிய கல்விச் சங்கம் 1892இல் அமைத்த பதின்மர் குழுவுக்கு ஹாவாட் பல்கலைக்கழகத் தலைவர் சாள்ஸ் எலியற் தலைமை தாங்கினார். வரலாற்றுப் பாடத்தை ஆராயும் உபகுழு அவ்வாண்டு டிசம்பரில் விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரிற் கூடிற்று. பின்னாளிற் குடியரசுத் தலைவரான வூட்றோ வில்சனும் அதில் ஓர் உறுப்பினர். வெறும் மனனத்தைக் கண்டித்த அவ்வுபகுழு, பல்கலைக்கழகம் புகுவோனுக்கும் வயலுக்குச் செல்வோனுக்கும் ஒரே தரமான வரலாற்றுக் கல்வியே தகும் என உறுதியாகக் கூறிற்று. உழவன் மகனும் சிந்திக்கப் பிறந்தவன் என்ற கருத்து இதிற் பொதிந்துள்ளது. 1909இல் எண்மர் குழு ஏழாம் எட்டாம் வகுப்புக்களுக்கு அமெரிக்க வரலாற்றை வரையறுத்தது. 1916இல் வெளிவந்த பிறிதோர் அறிக்கை வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவற்றைச் சமூகக் கல்வி என்னும் ஒரு பெயரின்கீழ் இணைத்தது. அதன் பின்னரும் ஐந்தாம், எட்டாம், பதினொராம் வகுப்புக்களில் அமெரிக்க வரலாற்றைக் கற்பிக்கும் வழக்கம் பல மாநிலங்களில் நிலைபெற்றது.

அறிஞர் நெறி வகுத்தனர். ஆயின் வகுப்பறை அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. உள்நாட்டுப் போரிலே தோற்ற தென்மாநிலங்களின் வீரர் சங்கத்தினரும் மாதர் சங்கத்தினரும் பாடநூல்களைக் கண்காணிக்கலாயினர். 1919, 1920ஆம் ஆண்டுகளில் மில்ட்ரெட் றதபோட் அம்மையார் தொகுத்துப் பரப்பிய அளவுகோல் ஒன்று, அடிமை முறையைக் காத்தற்கே தென்னாடு போரிட்டது எனக் கூறும் நூல்களை விலக்குமாறு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. விஸ்கொன்சின் சட்டசபை, புரட்சிப் போரின் வீரரைச் சிறுமைப்படுத்தும் பாடநூல்களை 1923இல் தடைசெய்தது. சிக்காகோ நகரில் வில்லியம் தொம்சன் என்பார், பாடநூல்கள் பிரித்தானியர்க்குச் சார்பானவை என முழங்கி 1927இல் நகர முதல்வர் பதவியை வென்றார். கொலம்பியா ஆசிரியர் கல்லூரிப் பேராசிரியர் ஹரோல்ட் றக் 1929 முதல் வெளியிட்ட சமூகக் கல்வி நூல்கள், ஏழாம் எட்டாம் ஒன்பதாம் வகுப்பினர்க்காக எழுதப்பட்டவை. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விலையாயின. செல்வப் பங்கீட்டின் ஏற்றத்தாழ்வையும் விளம்பரத்தின் பொய்ம்மையையும் பிள்ளைகள் ஆராயுமாறு அவை தூண்டின. 1940ஆம் ஆண்டளவில் விளம்பரத் துறையினரும் முன்னாட் போர்வீரர் சங்கத்தினரும் எதிர்க்கவே, ஊருக்கு ஊர் அந்நூல்கள் அகற்றப்பட்டன. இவ்வெதிர்ப்பாளர் பலதிறத்தினர், ஆயினும் ஒன்றில் ஒருப்பட்டனர். பிள்ளைக்கு ஐயம் ஆகாது என்பதே அது.

இதனிடையே பிள்ளைகள் வரலாறு அறியார் என்ற முறைப்பாடும் ஓயவில்லை. ரெக்சாஸ் மாநிலத்தில் ஆயிரத்தைந்நூறு மாணாக்கரைச் சோதித்து 1917இல் வெளியிட்ட ஆய்விலே, தொடக்கப் பாடசாலையினர் நூற்றுக்கு 16 விடைகளும் உயர்தரப் பாடசாலையினர் 33 விடைகளும் பல்கலைக்கழகத்தினர் 49 விடைகளுமே சரியாகத் தந்தனர். 1943இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை ஏழாயிரம் கல்லூரிப் புதுமாணாக்கரைச் சோதித்தபோது, முதற் பதின்மூன்று குடியேற்றங்களின் பெயர்களைக் கூற வல்லார் நூற்றுக்கு அறுவரே. புதிய முறைகள் பிள்ளைகளைக் கெடுத்தன எனப் பலர் அதனை எடுத்துக்காட்டினர். 1917ஆம் ஆண்டின் பிள்ளைகளோ பெரும்பாலும் ஒப்புவித்தே கற்றவர்கள். காரணம் அறியாது ஏற்றிய பெயரும் ஆண்டும் மணலில் எழுதிய எழுத்தை ஒக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மறதியினும் கொடியது மறைப்பு. அடிமைகளாய்க் கொணரப்பட்ட ஆபிரிக்கரும் அவர் வழித்தோன்றல்களும் பாடநூல்களில் இடம்பெற்றிலர். பெற்றவிடத்தும் இழிவாகவே சித்திரிக்கப்பட்டனர். காட்டர் வூட்சன் 1926இல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடக்கிவைத்ததும், டு போய்ஸ் தமது 1935ஆம் ஆண்டு நூலின் இறுதி அத்தியாயத்தைப் பாடநூற் பொய்களை எடுத்துக்காட்டுதற்கே ஒதுக்கியதும் இக்குறையை நீக்கும் பொருட்டேயாம். 1964இல் கென்னெத் ஸ்ராம்ப் முதலிய பேர்க்லி வரலாற்றாசிரியர் அறுவர் கலிபோணியாவின் பாடநூல்களை ஆராய்ந்து இக்குறைகளையே மீண்டுங் கண்டனர். இரண்டாண்டுகளின் பின் ஜோன் கோகி, ஜோன் ஹோப் பிராங்க்ளின், ஏர்ணெஸ்ற் மே ஆகிய மூவர் எட்டாம் வகுப்புக்கென எழுதிய ‘சுதந்திரரின் நாடு’ என்னும் பொருள்படும் நூல் வெளிவந்தது. கோகி, விசுவாசப் பிரமாணத்தில் ஒப்பமிட மறுத்து 1950இற் பல்கலைக்கழகப் பதவியை இழந்தவர். பிராங்க்ளின், ஆபிரிக்க அமெரிக்க வரலாற்றை 1947இல் விரிவாக எழுதிப் புகழ்பெற்றவர். நாட்டின் பெருமைகளோடு அடிமை முறை முதலிய கொடுமைகளையும் அந்நூல் ஒளியாது கூறிற்று. அது பிள்ளைகளின் நாட்டுப்பற்றைக் குலைக்கும் என்று கலிபோணியாவெங்கும் எதிர்ப்பு எழுந்தது. திருத்தங்கள் சிலவற்றின் பின்னரே அது வகுப்பறை புகுந்தது. அவ்வகுப்பறைகளிற் கறுப்பினப் பிள்ளைகளும் இருந்தனர் என்பது இங்கு நோக்கற்பாலது. தன் பாட்டனார் பட்ட துயரை நூலிற் காணாத பிள்ளை, அந்நூல் கூறும் ஏனையவற்றை எங்ஙனம் நம்பும்?

அதே காலப்பகுதியில் சான்றுகளைக் கொண்டு கற்பிக்கும் முறையும் புத்துயிர் பெற்றது. அம்ஹேர்ஸ்ற் திட்டத்தினர் ஆக்கிய பாடங்களுள் லெக்சிங்ரன் நிகழ்ச்சி பற்றியது ஒன்று. 1775 ஏப்பிரல் 19ஆந் திகதி விடியற்காலையில் லெக்சிங்ரன் ஊர்த் திடலில் பிரித்தானியப் படையினரும் ஊர்க்காவற் படையினரும் எதிர்ப்பட்டனர். குடியேற்றத்தார் எண்மர் மாண்டனர். முதலிற் சுட்டவர் யார்? தம்மவரைக் கலைந்து செல்லுமாறும் சுடாதிருக்குமாறும் தாம் கட்டளையிட்டதாகவும், எதிரிகளே தூண்டுதலின்றிச் சுட்டதாகவும் ஊர்ப்படைத் தலைவர் ஜோன் பாக்கர் சில நாட்களின் பின் சத்தியஞ் செய்து கூறினார். பிரித்தானிய அதிகாரி ஜோன் பாக்கரோ—இருவர் பெயரும் தமிழில் ஒன்றுபோல் ஒலிப்பினும் ஆங்கிலத்தில் வேறானவை—எதிர்ப்பக்கத்திலிருந்து ஓரிரு வெடிகள் கேட்ட பின்னரே தம் வீரர் கட்டளையின்றிப் பாய்ந்து சுட்டனர் எனத் தம் நாட்குறிப்பில் எழுதினார். முன்னது பிறர் பார்வைக்கென ஆக்கிய வாக்குமூலம். பின்னது தனிமையில் எழுதிய குறிப்பு. எதனை எவ்வளவு நம்புவது? இங்கு மாணாக்கனிடம் எதிர்பார்க்கப்படுவன வேறு. தன் கூற்றுக்கு ஆதாரமான வரியைச் சுட்டுதல், மாற்றாரின் சான்றைத் திரிக்காது எடுத்துரைத்தல், மறுப்புச் சான்று கண்டவழித் தன் முடிபை வெட்கமின்றி மாற்றிக்கொள்ளல் என்பன அவை. எண்மர் மாண்ட நாளையும் இடத்தையும் அறியாதவன் இவ்வாராய்ச்சியிற் புகவே இயலாது. ஆகலின் செய்தியறிவும் ஆராய்ச்சியும் ஒன்றற்கொன்று பகையல்ல.

பூசல் இன்னும் ஓய்ந்ததில்லை. கரி நாஷ் முதலியோர் தலைமையில் 1994இல் வெளிவந்த தேசிய வரலாற்றுத் தரங்கள், நாட்டு வீரரைப் புறக்கணித்தன எனத் தாக்கப்பட்டன. 1995 சனவரியில் மேற்சபை 99க்கு 1 என்ற வாக்குக்களால் அவற்றைக் கண்டித்தது. 2021 முதல் மாநிலங்கள் சில, இன வேற்றுமை பற்றிய பாடங்களுக்கு வரம்பு கட்டும் சட்டங்களை இயற்றின. 2022ஆம் ஆண்டின் தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்பு மாணாக்கருள் நூற்றுக்கு 13 பேரே அமெரிக்க வரலாற்றில் தேர்ச்சிநிலை எய்தினர். 2014இல் அது 18 ஆயிருந்தது. எந்நூல் ஆகாது என்று வழக்காடுவதிற் செலவாகும் ஊக்கத்தின் ஒரு பகுதியேனும், உள்ள நூலை நன்கு கற்பிப்பதிற் செலவாகவில்லை என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன எனலாம்.

இதுகாறுங் கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். பிள்ளையிடம் ஒப்புவித்தலை மட்டும் எதிர்பார்த்த காலத்தில் அதுவும் நிலைத்ததில்லை. நாட்டின் குற்றங்களை மறைத்த காலத்தில் நாட்டுப்பற்று வளர்ந்ததென்பதற்கும் சான்றில்லை. குடியாட்சியிலே வாக்குரிமை பெறப்போகும் பிள்ளை, ஒருநாள் முரண்பட்ட இரு கூற்றுக்களிடையே தானே தேர்ந்து முடிபு செய்தல் வேண்டும். அப்பயிற்சியை லெக்சிங்ரன் திடலைப் பற்றி எட்டாம் வகுப்பிற் பெறாதவன் வேறெங்குப் பெறுவான்? ஆசிரியர் வகுக்கும் விதிகளுள் தலையாயது, மாணாக்கனை அறிவுடையவனாகக் கருதி அவனுக்கு உண்மையைக் கூறுதலேயாம்.